புதியது, பழையது

கணக்கெடுப்புப் படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
எட்டாவது: எச்சம்.
அதற்குள் இன்னும் இரண்டு பொடிக் கட்டம்,
புதியது, பழையது.

முண்டந்துறையில் பெயரெழுதி
வழிக்கு மூன்று பேராகப் பிரித்து விட்டார்கள்.
நான் வண்ணார்பேட்டையில் ஒரு வங்கியின் காசாளன்.
மூன்று நாள் எதையும் எண்ணாமல் இருக்கலாமென்று போனேன்,
அங்கேயும் எண்ணத்தான் சொன்னார்கள்.
ஜெபசிங் சார், கல்லூரியில் பாறைப் பாடம்.
முன்னால், வெட்டுக்கத்தியும் ரப்பர் செருப்புமாக
காவலர் ஈச்சன் காணி.

ஆற்றைக் கடந்ததும் சார் ஆரம்பித்தார்.
ஐஸ்லாந்தில் நாலு நாள் நடந்தாராம்.
கறுப்புச் சாம்பல் மேடு, கந்தக வாடை,
பனிக்கு நடுவே ஆவி பறக்கும் குளம்.
கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தாராம்,
மூணாவது நிமிஷம் முட்டிவலி போச்சாம்.
"இங்க அப்படி ஊத்து உண்டுமா ஈச்சன்?"
"ஊத்து உண்டு சார்.
கால வச்சா பல்லு கிட்டும்."

சார் விடவில்லை.
செருப்படியில் கிடந்த கல்லைத் தட்டிக் காட்டினார்:
இதுவும் ஒரு காலத்தில் அடியாழத்தில் வெந்ததுதான்,
ஆறி ஐம்பது கோடி வருஷம் இருக்கும்.
ஈச்சன் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார்.
"ஆமா, நல்லா ஆறிட்டு" என்றார்.

முதல் நாள்: மிளா, குளம்படி மட்டும்.
கரடி கீறிய நாங்குமரம் ஒன்று.
அட்டை, படிவத்தில் கட்டமில்லை.
இரண்டாம் நாள் மழை
மேலேயிருந்து அல்ல, பக்கவாட்டில் வந்தது.
ஈத்தைக்காட்டுக்குள் குனிந்தே நடந்ததில்
எனக்கு முதுகு, சாருக்கு முட்டி.
தகரக் கொட்டகையில் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது.
அவலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தின்றோம்.
கருப்பட்டியைப் பல்லால் உடைத்த சத்தம்
ராத்திரி முழுக்க எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது,
பிறகுதான் தெரிந்தது அது சாரின் தாடை நடுங்குவது.

மூன்றாம் நாள் விடியவில்லை, வெளுத்தது.
சோலை முடிந்து புல்மேடு.
மஞ்சுக்குள் முன்னால் போனவரின் செருப்பு மட்டும் தெரிந்தது,
பிறகு அதுவும் நின்றது.

சார் என் தோளைப் பிடித்தார்.
புல்லுக்கு நடுவே, தரையிலிருந்து,
ஐந்தாறு இடத்தில்
ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.
அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்தது
தொலைந்த பாஸ்புத்தகம் கிடைத்தவர்களிடம்தான்.
"ஊத்து" என்றார், உதட்டால் மட்டும்.

ஈச்சன் புறங்கையை
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
ஒரு குவியலின்மேல் வைத்தார்.
உருண்டை உருண்டையாக லத்தி,
செரிக்காத ஈத்தை இலை நீட்டிக்கொண்டு.
விரலை உயர்த்தினார்.
அசையக் கூடாது.

வலதுபக்கம், எவ்வளவு தூரமோ,
புல்லை வேரோடு பிடுங்கி
காலில் தட்டி மண் உதிர்க்கும் சத்தம்.
அப்புறம் ஒரு வயிறு உறுமியது.
எங்கள் மூன்று பேர் வயிறும் அல்ல.

எத்தனை நேரம் குந்தியிருந்தோம், தெரியாது.
விரல் மரத்துப்போய்
எனக்கே தெரியாமல் கையை நீட்டியிருந்தேன்,
அந்தச் சூட்டின்மேல்.
பார்த்தால் சாரும் நீட்டியிருந்தார்.
ஈச்சன் இரண்டு கையும்.
மூச்சை அடக்கிய மூன்று ஆண்கள்
ஒரு குவியலைச் சுற்றி.

மஞ்சு விலகியபோது
புல் மட்டும் படுத்துக் கிடந்தது, அகலமாக.

கீழே அலுவலகத்தில் கேட்டார்கள்:
"நேர்ல பாத்தீங்களா?"
"இல்ல."
"அப்ப எண்ணிக்கையில பூஜ்யம் போடுங்க."
போட்டேன்.
எட்டாவது கட்டத்தில் 'புதியது' என்பதை
பேனா கிழியும்வரை அழுத்தி டிக் அடித்தேன்.

பாபநாசம் பஸ்ஸில்
எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.
சார் ஜன்னலோரம் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே வந்தார்.
விக்கிரமசிங்கபுரம் தாண்டி
கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தார்.
அப்படியே பையில் போட்டுக்கொண்டேன்.